கப்பி மீன் குஞ்சுகளைப் பேணல்

கோழி தன் முட்டையைச் சிறகால் அணைத்துப் பொரிக்கும்; மீன் தன் முட்டையைக் கண்ணால் நோக்கிப் பொரிக்கும்; ஆமை தன் முட்டையை மனத்தால் நினைந்து பொரிக்கும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் உவமை. ஆசிரியன் மாணாக்கனுக்கு அருள் செய்யும் மூவகையை விளக்குதற்குச் சைவ நூலோர் இதனை எடுத்தாளுவர். உவமை என்ற அளவில் இஃது அழகியது, கருத்தும் ஆழமுடையது. ஆயினும், வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலே வளரும் கப்பி மீனை இவ்வுவமையோடு பொருத்திப் பார்ப்போமாயின் அது பொருந்தாது நிற்கும். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனுகின்றது. ஈன்றபின் அது தன் குஞ்சைக் காவல் செய்து நோக்குவதுமில்லை. நோக்குமாயின், இரையென்றே நோக்கும்.

ஆகவே, உவமையிலே தாய் மீனுக்கு உரித்தாகச் சொல்லப்பட்ட அந்நோக்கு, கப்பியைப் பொறுத்தவரையில் வளர்ப்பவருக்கே உரியதாகின்றது. பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பேரராயும் இருக்கின்றனர். அவர்தம் இல்லங்களிலே பிள்ளைகளின் விருப்பத்துக்காக ஒரு சிறு மீன் தொட்டியேனும் வைத்திருத்தல் இயல்பு. ஒருநாட் காலையிலே அத்தொட்டியில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் தோன்றும். பிள்ளை ஆரவாரிக்கும். மூன்றாம் நாள் அக் குஞ்சுகளில் ஒன்றேனும் எஞ்சியிராது. இவ்வாறு நிகழாதிருத்தற்கு யாது செய்யலாம் என்பதை ஈண்டு ஒரு பாடமாக எடுத்துக் கூற விழைகின்றோம்.

பெயரும் இடமும்

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியும் திரினிடாட் முதலிய அயல் தீவுகளுமாம். 1859 ஆம் ஆண்டில் வில்கெல்ம் பீற்றேர்சு என்னும் யேர்மானிய அறிஞர், வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டார். 1866 இல், திரினிடாட்டிலிருந்து ரொபேட் யோன் லெச்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலே ஆராய்ந்த அல்பேட் குந்தர், அவை புதிய இனமெனக் கருதி அனுப்பியவர் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். முந்திய பெயரே செல்லும் என்பது அறிவியலார் விதி. அதன்படி குந்தர் இட்ட பெயர் நூல்களிலிருந்து நீங்கியது. இன்று அறிவியலார் இதனைப் பொசீலியா ரெற்றிகுலாற்றா என அழைப்பர். ஆனால், நூலிலிருந்து நீங்கிய பெயர் மக்கள் நாவிலே நிலைத்துவிட்டது. பெயர் வழங்குவது வழக்கினால் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

பிறப்பு

பெண் கப்பி ஏறத்தாழ நான்கு கிழமை கருவைத் தாங்கும். நீர் சற்று வெதுவெதுப்பாயின் இக்காலம் சில நாள் குறையும்; குளிராயின் நீளும். முட்டைகள் தாயின் வயிற்றினுள்ளேயே பொரித்து, குஞ்சுகள் உயிருடன் வெளிவரும். ஓர் ஈற்றிலே 20 முதல் 50 வரையான குஞ்சுகள் பிறத்தல் பெருவழக்கு. முதன்முறை ஈனும் இளந்தாய் ஐந்தாறு குஞ்சுகளோடு நிறுத்திவிடும்; முதிர்ந்து பருத்த தாய் 100 க்கு மேலும் ஈனுதல் உண்டு.

பெண் மீன் ஒருமுறை ஆணோடு சேர்ந்தால், ஆணின் விந்தைத் தன் உடலிற் சேமித்து வைத்துப் பல மாதங்கள் பயன்படுத்த வல்லது. கடையிலிருந்து தனியே வாங்கிவந்த பெண் மீன், ஆண் துணையின்றியே மாதந்தோறும் ஈனுவதைக் கண்டு வியப்போர் பலர். அவ்வியப்புக்கு விடை இதுவே.

ஈனுங்காலம் அணுகுவதை அறிதற்கு அடையாளங்கள் உள. பெண்ணின் வயிற்றின் பின்புறத்தே, குதச் செட்டைக்கு அண்மையில் ஒரு கரும்புள்ளி உண்டு. கரு வளர வளர அது பெரிதாகிக் கருமை மிகும். பக்கவாட்டில் நோக்கின், உருண்டையாயிருந்த வயிறு சதுரம்போல் கீழிறங்கித் தோன்றும். அப்போது மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தொட்டியின் ஒரு மூலையை நாடி நிற்கும். இவை தோன்றிய ஓரிரு நாளில் ஈற்றை எதிர்பார்க்கலாம்.

பிறந்த குஞ்சு 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை நீளமுடையது. பிறந்த சிறிது நேரத்திலேயே நீந்தவும், ஒளிந்துகொள்ளவும், இரை தேடவும் வல்லது. கண்ணே அதன் உடலில் மிகப் பெரிதாகத் தோன்றும். பாலூட்டுவாரும் பறக்கப் பழக்குவாருமின்றி, பிறந்த அன்றே தன் வாழ்வைத் தானே தொடங்கும் உயிர் இது.

தனியிடம்

தாய் தன் குஞ்சை உண்ணுதல் கொடுமையெனப் பிள்ளைகள் மனம் வருந்துவர். மீனுக்குத் தன் குஞ்சு என்ற உணர்வு இல்லை. வாயிற் கொள்ளுமளவு சிறிதாய் அசைவது எதுவோ அது இரை. ஓடும் ஆற்றிலே குஞ்சுகள் கரையோரத்துப் புல்லிடுக்கிலே சிதறித் தப்பிக்கொள்ளும். நான்கு பக்கமும் கண்ணாடியான தொட்டியிலே தப்புதற்கு இடமில்லை. ஆகவே, குற்றம் தாயினுடையதன்று. இடத்தினுடையது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் உணர்த்துதல் நன்று.

குஞ்சுகளைப் பிரிக்கும் வழிகள் மூன்று. ஒன்று, தொட்டியின் ஒரு பாதியை யாவாப் பாசி, ஐதரில்லா முதலிய நெருங்கிய நீர்த்தாவரங்களால் நிரப்பிவிடுதல். பெரிய மீன் நுழைய இயலாத அவ்விடுக்குகளிலே குஞ்சுகளில் ஒரு பகுதியேனும் பிழைக்கும். மற்றொன்று, கடைகளில் விற்கப்படும் ஈற்றுப் பெட்டியிலே தாயை அடைத்தல். பெட்டி மிகச் சிறிதாயின் தாய் அஞ்சிச் சோர்வடையும். பலநாள் அதனுள் வைத்திருத்தல் தகாது. மூன்றாவது, தாயை வேறொரு தொட்டிக்கு மாற்றி, ஈன்றபின் அதனைத் திரும்ப எடுத்துவிடுதல். இம்மூன்றனுள் இறுதியானதே சிறந்ததென்பது எமது துணிபு. ஆயின், மாற்றுவதை ஈற்றுக்கு ஒரு கிழமை முன்னரே செய்துவிடல் வேண்டும். நிறைகருவோடு வலையில் அள்ளி மாற்றினால் காலம் நிரம்பாத குஞ்சுகளை ஈனவும் கூடும். ஈன்ற தாயை உடனே ஆண் மீன்களிடையே விடாது, இரண்டொரு நாள் தனியே இளைப்பாறவிடுதல் அறமுமாம், பயனுமாம்.

30 குஞ்சுகளுக்கு முதல் மூன்று கிழமைகளுக்கு 20 இலீற்றர் கொள்ளும் தொட்டி போதும். பின்னர் அதனினும் இருமடங்கு இடம் வேண்டும். ஊறுகாய்ப் போத்தலிலே குஞ்சு வளர்க்க எண்ணுதல் வீண். நீர் சிறிதாயின் அது கெடும் விரைவு பெரிதாகும்.

நீர்

குஞ்சு வளர்ப்பின் உயிர்நிலை நீரே. கப்பி வன்னீரை விரும்பும் மீன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணாம்புக்கல்லாதலின், நம் கிணற்று நீரிலே கல்சியம் மிகுந்திருக்கின்றது. கேத்தலின் அடியிலே வெண்மையாகப் படியும் உப்புப் படை அதற்குச் சான்று. சமையலறையிலே நாம் சலித்துக்கொள்ளும் அவ்வன்மை, கப்பிக் குஞ்சின் எலும்புக்கு உகந்தது. ஆதலின் நீரை மென்மையாக்கும் முயற்சி எதுவும் வேண்டுவதில்லை. ஆயினும், உரம் மிகுதியாக இடப்படும் தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீரைத் தவிர்த்து வேறு கிணற்று நீரைக் கொள்ளுதல் நன்று. குழாய் நீராயின் அதிலுள்ள குளோரீன் குஞ்சுகளைக் கொல்லும். திறந்த வாளியிலே ஒருநாள் முழுதும் வைத்திருந்தோ, மீன் கடைகளிற் கிடைக்கும் குளோரீன் நீக்கியை இட்டோ பயன்படுத்துக.

வெப்பம் 25 பாகை செல்சியசு முதல் 28 பாகை வரை இருத்தல் தக்கது. கரையோர ஊர்களிலே இதற்கெனத் தனி முயற்சி வேண்டியதில்லை. நுவரெலியா போன்ற மலையூர்களில் வாழ்வோர் தொட்டிக்கு வெப்பமூட்டி வைத்தல் வேண்டும். நண்பகல் வெயில் நேரே விழும் யன்னலோரத்திலே சிறு தொட்டியை வைத்தல் ஆகாது.

இனி, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் கூறுவாம். மீனின் பூக்களாகிய சுவாச உறுப்புகளிலிருந்தும், அதன் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு நீரிலே சேர்கின்றது. நற்பேறாக, நீரிலும் கல்லிலும் பஞ்சிலும் குடிகொள்ளும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை பற்றீரியாக்கள் நைத்திரைற்றைத் தீமை குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவ்விருவகையும் ஒரு புதுத் தொட்டியிலே போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும். குஞ்சோ இன்று பிறந்துவிட்டது. என் செய்வது? பழைய தொட்டியிலே சில மாதங்கள் இயங்கிய பஞ்சு வடியைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுக. அப்பஞ்சிலே பற்றீரியாக்கள் முன்னரே குடியிருக்கும். பஞ்சு வடி குஞ்சுகளை உள்ளிழுத்துக் கொல்லாது என்பது அதனால் வரும் மற்றொரு பயன். அதனைக் கழுவும்போதும் குழாய் நீரிலே கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிதல் வேண்டும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அமோனியாவின் நஞ்சு எல்லா நீரிலும் ஒரே தன்மைத்தன்று. காரத்தன்மை மிகுந்த நீரிலும் வெப்பம் மிகுந்த நீரிலும் அதன் கொடுமை மிகும். நம் கிணற்று நீரோ பெரும்பாலும் காரத்தன்மையுடையது. நம் நாடோ வெப்ப நாடு. ஆகவே கப்பிக்கு மிகவும் உவந்த நம் நீரே, அழுகிய உணவு அதிற் கலந்தால், மிகவும் கொடிதாகவும் மாறும். இதனை உணர்ந்தார்க்கு அடுத்து வரும் பகுதியின் இன்றியமையாமை தானே விளங்கும்.

உணவு

குஞ்சுகள் பட்டினியால் இறத்தல் அரிது. மிகுந்த உணவால் இறத்தலே பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பு மாணவன் ஒருவன், இறந்த குஞ்சுகள் மிதக்கும் சாடி ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தான். நீர் பால்போல் வெளுத்திருந்தது. அவித்த முட்டையின் மஞ்சட்கருவை முழுதாகப் பிசைந்து முந்திய மாலை இட்டிருந்தான். "அதுகள் பசியோடு படுக்கக் கூடாதெண்டுதான் போட்டனான் ஐயா" என்றான். அவன் அன்பிலே குறையில்லை, அளவே தவறியது. குஞ்சின் வயிறு அதன் கண்ணளவே என்று அவனுக்குக் காட்டினோம். அடுத்த மாதம் அதே தாய் மீண்டும் ஈன்றபோது, தேக்கரண்டியின் நுனியில் ஒட்டுமளவு தூளையே ஒரு வேளைக்கு இட்டு வந்தான். 26 குஞ்சுகளில் 21 வளர்ந்தன. அவற்றின் வளர்ச்சியை நாள்தோறும் ஒரு கொப்பியிலே குறித்தும் வைத்தான்.

பெரிய மீனுக்குரிய உலர் உணவையே இரு விரலிடையே நுண்டூளாகத் தேய்த்து இடலாம். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று நிமிடத்திலே உண்டு தீருமளவு என்பதே அளவை. உண்ட குஞ்சின் வயிறு சிறிது புடைத்து நிறம் மாறித் தோன்றும். அது கண்டவுடன் நிறுத்துக. மஞ்சட்கரு நல்லுணவே, எனினும் நீரை மிக விரைவிற் கெடுப்பதாதலின், ஊசிமுனையளவை நீரிற் கரைத்துத் துளியாக இட வல்லார் மட்டும் அதனைக் கையாள்க.

குஞ்சுணவுகளுட் சிறந்தது ஆட்டீமியா எனப்படும் உவர்நீர் உயிரியின் இளங்குடம்பி. அதன் முட்டைகள் உலர்ந்த தூளாகக் கடைகளிற் கிடைக்கும். ஓர் இலீற்றர் நீரிலே ஏறத்தாழ 25 கிராம் கறியுப்பைக் கரைத்து, கால் தேக்கரண்டி முட்டையை இட்டு, காற்றுக் குழாயினால் இடைவிடாது கலக்கி வைப்பின், 24 முதல் 36 மணி நேரத்திலே செம்மஞ்சள் நிறமான நுண்ணுயிர்கள் பொரித்து நீந்தும். பின் காற்றை நிறுத்தி ஒரு பக்கத்திலே விளக்கொளி காட்டினால், அவை ஒளியை நாடி ஒன்றுகூடும். வெற்றோடுகள் மேலே மிதக்கும். ஒளியருகே கூடியவற்றைச் சிறு குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி, குஞ்சுகளுக்கு இடுக. பொரித்த சில மணி நேரத்துள் இடின் ஊட்டம் மிகும். ஆயினும் இவை நன்னீரில் நெடுநேரம் வாழா. மிஞ்சியவை இறந்து அழுகும் ஆதலின் இங்கும் அளவு வேண்டும்.

நாள்தோறும் மாலையிலே மெல்லிய இறப்பர்க் குழாயினால் தொட்டியின் அடியிற் படிந்த எச்சங்களை உறிஞ்சி எடுத்தல் வேண்டும். எடுத்த நீரை உடனே கொட்டிவிடாது வெள்ளை வாளியிலே சற்று நேரம் வைத்து நோக்குக. குழாய் வழியே வந்துவிட்ட குஞ்சு ஒன்றிரண்டு அதனுள் நீந்திக்கொண்டிருக்கக் காணலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டி நீரிலே ஐந்திலொரு பங்கை எடுத்து, அதே வெப்பநிலையிலுள்ள புதுநீரை மெல்ல ஊற்றுக. நீர் முழுவதையும் ஒரே முறையில் மாற்றுதல் தீது.

வளர்ச்சியும் பிரிவும்

மூன்று நான்கு கிழமையிலே ஆண் பெண் வேறுபாடு தோன்றத் தொடங்கும். பெண்ணுக்குக் கரும்புள்ளி தெரியவரும். அதன் குதச் செட்டை விசிறிபோல் அகன்றிருக்கும். ஆணுக்கு அச்செட்டை நாளடைவில் ஒடுங்கிக் கூரிய கோல்போல் ஆகும்; உடலிலும் வாலிலும் நிறம் படரும். வேறுபாடு தெரிந்தவுடனே இருபாலையும் பிரித்துவிடல் வேண்டும். பிரியாதுவிடின், இரண்டு மூன்று மாதத்துள் இளம் பெண்கள் தாமே கருக்கொண்டு, உடல் வளரவேண்டிய காலத்திலே ஈனத் தொடங்கிவிடும். பெரிய மீனின் வாயிற் கொள்ளாத அளவு, ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர், வளர்ந்தபின் குஞ்சுகளைத் தாய்த் தொட்டியிலே சேர்க்கலாம்.

மிகுதி

இறுதியாக ஒரு கணக்கு. ஒரு தாய், மாதம் 30 குஞ்சு, பாதி பெண், அவையும் மூன்றாம் நான்காம் மாதத்திலே தாயராகும். காப்பதிலே வெற்றி கண்டவருக்கு ஆறு மாதத்திலே தொட்டி போதாது, வீடும் போதாது. அப்போது பலருக்குத் தோன்றும் எளிய வழி அயலிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுதல். இது செய்யத்தகாதது.

நுளம்புக் குடம்பிகளை உண்ணும் பொருட்டுக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் கப்பியை விடும் வழக்கம் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் உண்டு. மூடப்பட்ட நீர்நிலைகளிலே அதன் பயன் மறுக்கற்பாலதன்று. ஆயின் திறந்த குளங்களிலும் அருவிகளிலும் கப்பி, அந்நீருக்கே உரிய சிறுமீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டு, அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும்.

புதிய இடத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்குப் பெரிது. 1976 இல் யோன் என்ட்லர் என்னும் அறிஞர், திரினிடாட்டின் அரிப்போ ஆற்றிலே கொன்றுண்ணும் பெருமீன்கள் நிறைந்த பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, அத்தகைய பகைமீன்கள் இல்லாத ஒரு கிளையோடையிலே விட்டார். பகை மிகுந்த இடத்துக் கப்பி இளமையிலேயே முதிர்ந்து, சிறிய குஞ்சுகளைப் பலவாக ஈனும் இயல்புடையது. பதினோர் ஆண்டு கழித்து நோக்கியபோது, ஓடைக் கப்பிகளின் வழித்தோன்றல்கள் காலந்தாழ்த்தி முதிர்ந்து, பெரிய குஞ்சுகளைச் சிலவாக ஈனுவன ஆயின. டேவிட் றெஸ்னிக்கும் என்ட்லரும் பிறரும் இதனை 1990 இல் வெளியிட்டனர். சில தலைமுறைகளிலேயே தன் இயல்பை மாற்றிக்கொள்ளவல்ல இவ்வுயிரை நம் குளங்களிலே தூவிவிடின், பின் அதனைத் திரும்ப அள்ளியெடுத்தல் எவர்க்கும் இயலாது.

ஆகவே, பிள்ளைக்கு முதற்றொட்டியை வாங்கிக் கொடுக்கும்போதே இக்கணக்கையும் கற்பித்தல் வேண்டும். ஆண்களை மட்டும் வளர்த்தல் ஒரு வழி; கடைகளிலே விற்கப்படும் பெண்கள் பெரும்பாலும் கருவுற்றே வருவன ஆதலின், பெண்ணை வாங்காதிருத்தலே உறுதியான காவல். மிகுந்த குஞ்சுகளை நண்பருக்கும் பள்ளிக்கூடத் தொட்டிகளுக்கும் கொடுத்தல் மற்றொரு வழி. கொள்வார் இல்லையெனின், எல்லாக் குஞ்சுகளையும் பிரித்துக் காத்தலை நிறுத்தி, தாவரம் நிறைந்த தொட்டியிலே பிழைப்பன பிழைக்க விட்டுவிடுதல் இயற்கை வழி. பிள்ளைக்கு இது வருத்தம் தரலாம். ஆயினும், உயிரொன்றை உலகுக்குக் கொண்டுவருவோர் அதற்கு இடமும் தேடவேண்டும் என்பது சிறு வயதிலேயே கற்கத்தக்க பாடம்.

மீன் கண்ணால் நோக்கித் தன் முட்டையைப் பொரிக்கும் என்ற உவமையிலே பொதிந்த கருத்து, இடையறாத கவனிப்பு ஒன்றே உயிரை வளர்க்கும் என்பதாகும். கப்பி அந்நோக்கைத் தன் குஞ்சுக்கு அளிப்பதில்லை. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தொட்டியின் முன் அமர்ந்து, நீர் தெளிந்திருக்கின்றதா, குஞ்சின் வயிறு நிறைந்திருக்கின்றதா, அடியிலே எச்சம் கிடக்கின்றதா என ஐந்து நிமிடம் நோக்கும் பிள்ளை அந்நோக்கை அளிக்கின்றது. அவ்வாறு நோக்கப் பழகிய கண் பின்னர் எதனை நோக்கினும் நன்றாகவே நோக்கும்.